கார்ஸெட் புராணம்

உடலுக்காக உடை ஏற்பட்டதா, உடைக்காக உடல் ஏற்பட்டதா என்று யாராவது கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். "இது என்ன கேள்வி? உடலுக்காகத்தான் உடை" என்று சிறு குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் மேனாட்டு நாகரிகத்தின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், ஏறக்குறைய நானூறு வருஷ காலம் இந்தக் கேள்விக்கு நேர் எதிரான விடையே அங்கே அமுலில் இருந்தது என்று தெரியவரும். முதலில் உடையின் வடிவத்தைத் தீர்மானித்தார்கள். பிறகு அதற்குள் அடங்கும்படி பெண்ணின் உடலைத் திருத்தி அமைத்தார்கள். அப்படித் திருத்துவதற்கு ஏற்பட்ட கருவியின் பெயர்தான் கார்ஸெட்.

சினிமாக்களிலும் பழைய படங்களிலும் நேயர்கள் அதைப் பார்த்திருக்கலாம். மார்பிலிருந்து இடுப்பெலும்பு வரையில் உடலைச் சுற்றிப் பிடிக்கும் கெட்டியான உள்ளாடை அது. இரட்டைத் துணியில் வரிவரியாகத் தையல் போட்டு, அந்த வரிகளுக்குள் விறைப்பான குச்சிகளைச் செருகியிருப்பார்கள். முதுகுப் பக்கத்தில் இரண்டு வரிசைத் துளைகள் இருக்கும். அவற்றில் கயிற்றைக் கோத்து இழுத்துக் கட்டினால் இடை சிறுக்கும், மார்பு உயரும், முதுகு நிமிரும். நம் பழைய நூல்களில் வரும் 'கச்சு' என்னும் சொல்லை இதற்கு வைத்துக் கொள்ளலாமா என்று யோசித்துப் பார்த்தோம். பொருந்தவில்லை. கச்சு உடலின்மேல் கட்டும் துணி; கார்ஸெட்டோ உடலுக்குப் போடும் அச்சு. ஆகையால் அந்நியப் பொருளை அதன் அந்நியப் பெயராலேயே அழைப்போம்.

ராணிக்கும் உண்டு, வேலைக்காரிக்கும் உண்டு

16-ம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரண்மனைகளில் இந்த உடை பரவிற்று. அக்காலத்து இங்கிலீஷில் இதற்கு 'ஒரு ஜோடி உடல்' என்று பொருள்படும் பெயர் வழங்கியது. கடவுள் கொடுத்த உடல் போதாதென்று கடையில் ஒரு ஜோடி வாங்கினார்கள் போலிருக்கிறது! கார்ஸெட் என்ற சொல்லும் உடலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

1603-ம் வருஷம் இங்கிலாந்தின் எலிஸபெத் மகாராணி காலமானபோது, சவ ஊர்வலத்துக்காக அவரைப் போலவே ஒரு மரப் பொம்மை செய்து அதற்கு ராஜ உடை அணிவித்தார்கள். அந்தப் பொம்மைக்கும் கார்ஸெட் போட மறக்கவில்லை. மூச்சு விட வேண்டிய அவசியமில்லாத மரத்துக்கு அதனால் தீங்கு எதுவும் நேர்ந்திராது. அந்த உள்ளாடை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் இன்றும் பத்திரமாக இருக்கிறது.

இது ராணிகளோடு நின்றுவிடவில்லை. 18-ம் நூற்றாண்டில் வீட்டு வேலைக்காரியும் கடைக்காரியும்கூட அணிந்தார்கள். துணிக்கு வசதியில்லாதவர்கள் தோலில் செய்து கட்டிக்கொண்டார்கள். குழந்தையின் இளம் உடல் கோணிவிடும் என்று பயந்து சிறு பெண்களுக்கும் மாட்டினார்கள். இவற்றைத் தைப்பது வெகுகாலம் ஆண் தையற்காரர்களின் ஏகபோகம். 1675-ம் வருஷம் பாரிஸில் பெண் தையற்காரர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்துக்கொள்ளப் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி அநுமதி கொடுத்தார். அப்போதும் குச்சி வைத்த மேலுடை தைக்கும் உரிமை மட்டும் ஆண்களிடமே இருந்தது.

இதைப் படித்து ஆண்கள் யாரும் பெருமூச்சு விட்டுக்கொள்ள வேண்டாம். 19-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இங்கிலாந்தின் நான்காம் ஜார்ஜ் மன்னர் தமது தொந்தியை அடக்கக் கார்ஸெட்டைத்தான் நம்பியிருந்தார். அக்காலத்து இளம் பிரபுக்களில் சிலரும் அழகுக்காக அணிந்தார்கள்.

திமிங்கிலமும் ஆலைத் தொழிலாளியும்

கார்ஸெட்டுக்குள் செருகும் குச்சிக்குத் 'திமிங்கில எலும்பு' என்று பெயர். உண்மையில் அது எலும்பே அல்ல. சில ஜாதித் திமிங்கிலங்களின் மேல்தாடையிலிருந்து சீப்பின் பற்களைப் போல் தகடுகள் தொங்குகின்றன. கடல் நீரை வெளியே விட்டு இரையை உள்ளே நிறுத்திக்கொள்ள இயற்கை அளித்த சல்லடை அது. நம்முடைய நகமும் தலைமயிரும் எந்தப் பொருளால் ஆனவையோ அதே பொருள்தான். ஆர்க்டிக் கடலில் வாழும் ஒரு ஜாதித் திமிங்கிலத்துக்கு இந்தத் தகடு 4 மீட்டர் நீளம்வரை வளரும். சூடாக்கினால் இஷ்டப்படி வளையும். ஆறினால் அந்த வடிவத்திலேயே நிற்கும். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெட்ரோலியம் வந்து திமிங்கில எண்ணெயின் மதிப்பைக் குறைத்துவிட்டது. அதன் பிறகும் வட கடலில் திமிங்கில வேட்டை நீடித்ததற்கு இந்தத் தகடுகளே முக்கிய காரணம். லண்டனிலும் பாரிஸிலும் சீமாட்டிகளின் இடை சிறுக்கச் சிறுக்க, ஆர்க்டிக் கடலில் திமிங்கிலங்களின் தொகையும் சிறுத்துக்கொண்டே வந்தது.

யந்திர யுகம் பிறந்ததும் கார்ஸெட்டுக்குப் பொற்காலம் பிறந்தது. முன்பெல்லாம் துளைகளின் ஓரத்தில் வெறும் நூல்தையல்தான் இருந்தது. பலமாக இழுத்தால் துணி கிழிந்துவிடும். அந்த அளவில் துணியே பெண்ணுக்குக் காவலாக இருந்தது என்று சொல்லலாம். துளைக்கு உலோக வளையம் போடக் கற்றுக்கொண்ட பிறகு, எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம் என்று ஆயிற்று. 1868-ல் எட்வின் ஐஸாட் என்பவர், கஞ்சி தோய்த்த கார்ஸெட்டை நீராவியால் சூடேறிய உலோக அச்சின்மேல் மாட்டி உலரவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1883-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் எட்வர்ட் வாரன் என்பவர் வான்கோழி இறகின் தண்டிலிருந்து குச்சி செய்து, திமிங்கிலத்துக்குப் போட்டி ஏற்படுத்தினார். விலை மலிந்தது. ஆலைப் பெண்களும் வாங்க முடிந்தது.

அந்த ஆலைப் பெண்களின் நிலைமை என்ன? அதே மிச்சிகன் மாகாணத்தில் கலமஸூ என்ற ஊரிலிருந்த கார்ஸெட் ஆலையில் 1912-ம் வருஷம் நூற்றுக்கணக்கான பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி குறைவு, சுகாதாரக் கேடு, மேஸ்திரிகளின் தகாத நடத்தை ஆகியவை அவர்களுடைய குறைகள். ஊராரின் இடையை அழகு செய்த கைகளுக்குத் தங்கள் வயிற்றை நிரப்பப் போதுமான கூலி கிடைக்கவில்லை.

எவ்வளவு உண்மை, எவ்வளவு கதை?

கார்ஸெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், "விலா எலும்பையே அறுத்து எடுத்துவிடுவார்களாமே!" என்று கேட்பவர்கள் உண்டு. இது கட்டுக்கதை. அப்படி ஓர் அறுவை நடந்ததற்கு ஆதாரம் எதுவும் அகப்படவில்லை. ஈதர் மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்யும் முறையே 1846-ல்தான் பிரசித்தமாயிற்று. அதற்குப் பிறகும் அறுவை என்றால் உயிரைப் பணயம் வைப்பதாகத்தான் இருந்தது. இடையழகுக்காக அதற்குத் துணிந்திருப்பார்கள் என்று நம்புவதற்கில்லை.

இன்னொரு கதை அந்தக் காலத்துப் பெண்கள் எல்லாருக்கும் பதினாறு அங்குல இடைதான் என்பது. 1860-களில் இங்கிலாந்தின் குடும்பப் பத்திரிகை ஒன்றில், இடையை இறுக்கும் விவரங்களைப் பற்றி அடுக்கடுக்காகக் கடிதங்கள் வெளிவந்தன. அவற்றில் பல வெறும் கற்பனை என்று சரித்திர ஆசிரியர்கள் சந்தேகிக்கிறார்கள். காட்சிச்சாலைகளில் மிஞ்சியிருக்கும் கார்ஸெட்டுகளை அளந்து பார்த்தால் மிகச் சிறிய அளவுகள் அபூர்வமாகவே தென்படுகின்றன. மேலும், முதுகுப் பக்கத்தில் சிறிது இடைவெளி விட்டுத்தான் கட்டுவது வழக்கம். ஆகவே கார்ஸெட்டின் அளவு வேறு, உள்ளே இருந்த இடையின் அளவு வேறு.

அப்படியானால் அத்தனை லட்சம் பெண்களும் ஏன் அணிந்தார்கள்? அவர்கள் அறிவில்லாதவர்கள் அல்ல. அக்காலத்துப் பாவாடைகள் அடுக்கடுக்காக, மிகுந்த கனமுள்ளவை. அந்தக் கனத்தை இடுப்பில் பரப்பித் தாங்குவதற்குக் கார்ஸெட் உதவிற்று. மார்புக்கும் முதுகுக்கும் ஆதாரமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது மானத்தின் அடையாளமாக இருந்தது. கார்ஸெட் அணியாமல் வீதியில் இறங்கிய பெண்ணின் நடத்தையையே ஊரார் சந்தேகித்தார்கள். கயிற்றை இழுத்தது பெண்ணின் கை என்றாலும், அந்தக் கையைப் பிடித்து இழுத்தது ஊராரின் வாய்.

தீங்கே இல்லை என்று சொல்வதற்கும் இல்லை. 1762-ல் ரூஸோ தமது 'எமீல்' என்ற நூலில் இந்த வழக்கத்தைக் கண்டித்தார். 1788-ல் ஸெம்மெரிங் என்னும் ஜெர்மானிய உடற்கூற்று நிபுணர் இதன் கெடுதல்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1908-ல் பாரிஸில் டாக்டர் ஓஃபாலவெல் என்பவர், கார்ஸெட் அணிந்த பெண்களை எக்ஸ்-ரே படம் பிடித்து, கீழ் விலா எலும்புகள் உட்புறமாக நெருக்குண்டிருப்பதைக் காட்டினார். இறுக்கிக் கட்டியவர்களுக்கு அடிவயிற்றிலிருந்து ஆழ்ந்து மூச்சு விட முடியாது. மாடிப்படி ஏறினால் மயக்கம் வரும். சிறு வயதிலிருந்தே கட்டி வளர்ந்தவர்களின் விலாக்கூடு உருமாறி இருப்பதை எலும்புக்கூடுகளிலிருந்து இன்றும் காணலாம்.

ஆனால் 19-ம் நூற்றாண்டு டாக்டர்கள் காசநோய் முதல் புற்றுநோய் வரையில் சகல வியாதிகளையும் கார்ஸெட்டின் தலையில் கட்டியது அதிகப்படி. அமெரிக்க மானிடவியல் அறிஞர் ரெபெக்கா கிப்ஸன் லண்டனிலும் பாரிஸிலும் உள்ள பழைய எலும்புக்கூடுகளை ஆராய்ந்து 2020-ல் ஒரு நூல் வெளியிட்டார். எலும்புகள் உருமாறியிருந்த பெண்கள்கூட அக்காலத்துக்குரிய ஆயுளை அடைந்தே இறந்திருக்கிறார்கள் என்று அவர் காண்கிறார். ஆகவே கார்ஸெட் பெரும்பாலும் உயிரைக் குடிக்கவில்லை. ஓடியாடித் திரியும் சக்தியைத்தான் குறைத்தது.

மருந்தே நோயான விநோதம்

இந்தப் புராணத்தில் மிகவும் விநோதமான பகுதி, கார்ஸெட்டிலிருந்து பெண்களை மீட்க வந்தவர்களின் வரலாறுதான்.

லூஸியன் வார்னர் என்ற அமெரிக்க டாக்டர், பெண்களின் தேக சுகத்தைப் பற்றி ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார். கார்ஸெட்டின் தீங்குகளை எடுத்துச் சொன்னார். பிறகு 1870-களில், டாக்டரான தம் சகோதரருடன் சேர்ந்து 'ஆரோக்கியக் கார்ஸெட்' ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கினார். கனெக்டிகட் மாகாணத்தில் அவர்களுடைய ஆலை மிகப் பெரிதாக வளர்ந்தது. பிரசங்கத்தைக் காட்டிலும் வியாபாரம் நன்றாக நடந்தது!

பிரான்ஸில் காஷ்-ஸாரோத் என்ற பெண் டாக்டர், வயிற்றை அழுத்தாமல் தாங்கி நிற்கும்படி, முன்பக்கம் நேராக உள்ள கார்ஸெட்டை 1900-ம் வருஷத்தை ஒட்டிப் பிரபலப்படுத்தினார். நோக்கம் உத்தமமானதுதான். ஆனால் நாகரிக உலகம் அதை எடுத்துக்கொண்டு முன்னைவிடப் பலமாக இறுக்கிற்று. மார்பு முன்னே தள்ளி, இடுப்பு பின்னே தள்ளி, பெண்ணின் உடல் பாம்பு போல் வளைந்து நின்றது. முதுகுக்கு முன்பு இல்லாத புது வேதனை வந்து சேர்ந்தது.

பிறகு பால் புவாரே என்ற பாரிஸ் உடையமைப்பாளர் வந்தார். கார்ஸெட்டை ஒழித்தவர் தாமே என்று பெருமை அடித்துக்கொண்டார். ஆனால் 1910-ஐ ஒட்டி அவர் பரப்பிய பாவாடை கணுக்காலில் மிகவும் குறுகியிருந்தபடியால் பெண்கள் நடப்பதற்கே திண்டாடினார்கள். மேலே விடுதலை அளித்துவிட்டுக் காலுக்கு விலங்கு பூட்டியதை அவரே பின்னால் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பலனை எதிர்பார்க்காமல் போராடியவர்களும் இருந்தார்கள். 1873-ல் எலிஸபெத் ஸ்டூவர்ட் ஃபெல்ப்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர், கார்ஸெட்டுகளை எரித்துவிடும்படி தம் சகோதரிகளுக்கு அறைகூவினார். 1881-ல் லண்டனில் 'அறிவுக்குகந்த உடைச் சங்கம்' ஏற்பட்டது. பெண்ணின் உள்ளாடைகளின் மொத்த எடை ஏழு பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது அவர்களுடைய கோரிக்கை. சுமார் மூன்று கிலோ எடை உள்ளாடையைப் பெரிய சலுகையாகக் கேட்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் எவ்வளவு சுமந்தார்கள் என்று நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கயிறு போய் ரப்பர் வந்தது

1914-ம் வருஷம் நவம்பர் மாதம், நியூயார்க்கைச் சேர்ந்த மேரி ஃபெல்ப்ஸ் ஜேகப் என்ற இளம் பெண், பின்புறம் திறந்த 'பிரேஸியர்' ஒன்றுக்கு அமெரிக்க அரசாங்கத்திடம் காப்புரிமை பெற்றார். மெல்லிய உடைக்கு அடியில் கார்ஸெட்டின் குச்சி துருத்திக்கொண்டு தெரிந்ததால், இரண்டு பட்டுக் கைக்குட்டைகளையும் ஒரு ரிப்பனையும் சேர்த்துத் தைத்துப் பார்த்தாராம். அந்த உரிமையைப் பிறகு 1,500 டாலருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர்கள் யார் தெரியுமா? மேலே சொன்ன வார்னர் டாக்டர்களின் கம்பெனிதான்.

முதல் உலக யுத்தத்தின்போது பெண்கள் ஆலைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வேலைக்குப் போனார்கள். 1920-களில் இடையே தெரியாத நேரான உடை நாகரிகமாயிற்று. கார்ஸெட் மறைந்தது என்று எல்லாரும் எண்ணினார்கள். ஆனால் அது ரப்பர் கச்சையாக வேஷம் மாறியிருந்தது. 1947-ம் வருஷம் பிப்ரவரி மாதம் பாரிஸில் கிறிஸ்தியான் தியோர் தமது புதிய பாணியை வெளியிட்டபோது, குறுகிய இடை மறுபடியும் சிம்மாசனம் ஏறிற்று. 1958-ல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியில் ஜோஸப் ஷிவர்ஸ் என்ற ரசாயன நிபுணர், இப்படிப்பட்ட கச்சைகளில் ரப்பருக்குப் பதிலாக உபயோகிப்பதற்காகவே ஓர் இழையைக் கண்டுபிடித்தார். அதுதான் இன்று விளையாட்டு உடை முதல் லெக்கிங்ஸ் வரையில் எல்லாவற்றிலும் இருக்கும் லைக்ரா.

1980-களில் இன்னொரு திருப்பம் ஏற்பட்டது. ஒளித்து அணிந்த கார்ஸெட்டை வெளியில் அணிய ஆரம்பித்தார்கள். லண்டனில் விவியன் வெஸ்ட்வுட் அதை மேலுடையாகவே அமைத்தார். 1990-ம் வருஷச் சுற்றுப் பயணத்தில் பாடகி மடோனா, ழான் பால் கோல்தியே வடிவமைத்த கார்ஸெட்டை அணிந்து மேடை ஏறினார். நம்மை அடக்கிய பொருளை நாமே ஆயுதமாக எடுத்துக்கொள்கிறோம் என்பது இவர்கள் கட்சி. தானாக விரும்பி ஒரு மாலை நேரத்துக்கு அணிந்து, வேண்டாதபோது கழற்றி வைப்பவரிடம் நமக்குச் சண்டை இல்லை.

ஆனால் சாதாரணப் பெண்களை எட்டியது வேறு வடிவம். 2000-ம் வருஷம் ஸாரா பிளேக்லி என்ற அமெரிக்கப் பெண், தமது நீண்ட காலுறையின் பாதப் பகுதியை வெட்டிவிட்டு அணிந்து பார்த்ததிலிருந்து 'ஸ்பாங்க்ஸ்' என்ற கம்பெனி பிறந்தது. 2021-ல் அதன் மதிப்பு 120 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். 'ஷேப்வேர்' என்று இந்த ஆடைகளுக்குப் பெயர். குச்சியும் இல்லை, கயிறும் இல்லை. நோக்கம் மட்டும் பழையதுதான்.

உள்ளே போன கார்ஸெட்

ஆஸ்திரியாவின் சக்கரவர்த்தினி எலிஸபெத் உலகப் பேரழகி என்று புகழ் பெற்றவர். அவருடைய இடை சுமார் 50 சென்டிமீட்டர், அதாவது இருபது அங்குலம். அதைக் காப்பாற்ற அவர் கார்ஸெட்டை மட்டும் நம்பவில்லை. அரண்மனையில் தேகப்பயிற்சிக் கருவிகளை அமைத்துக்கொண்டார், மணிக்கணக்காக நடந்தார், அரைப் பட்டினி கிடந்தார். 1898-ம் வருஷம் செப்டம்பர் 10-ந் தேதி ஜெனீவாவில், கூரிய அரத்தால் ஒருவன் அவர் மார்பில் குத்தினான். குத்தியது இன்னதென்று அறியாமலே அவர் எழுந்து நடந்து கப்பலில் ஏறினார்; பிறகே சாய்ந்தார். இறுக்கிய கார்ஸெட் காயத்தை அழுத்திப் பிடித்து ரத்தப் பெருக்கைத் தாமதப்படுத்தியதாகச் சொல்கிறார்கள். ஆளும் குலத்துப் பெண், அறுபது வயதிலும், அந்தக் கயிற்றைத் தளர்த்திக்கொள்ளவில்லை.

நியூயார்க் உடைக் காட்சிச்சாலை ஒன்றின் தலைவியான வாலரி ஸ்டீல், 2001-ல் கார்ஸெட்டின் வரலாற்றை எழுதினார். கார்ஸெட் ஒழிந்து போகவில்லை, தேகப்பயிற்சி, பத்திய உணவு, அழகுக்கான அறுவை ஆகியவற்றின் ரூபத்தில் உடலுக்குள்ளேயே புகுந்துகொண்டது என்பது அவருடைய கருத்து. இதை நாம் முழு மனத்துடன் ஆமோதிக்கிறோம். பழைய கார்ஸெட்டை இரவில் படுக்கும்போதாவது அவிழ்க்கலாம். மனத்துக்குள் கட்டிய கார்ஸெட்டை எப்போது அவிழ்ப்பது?

இது ஏதோ மேனாட்டுக் கதை என்று நாம் சும்மா இருந்துவிடக் கூடாது. சிற்றிடையைக் கொடி என்றும் துடி என்றும் நம் கவிகள் வர்ணித்தது உண்மை. அதற்காக எந்தப் பெண்ணையும் அவர்கள் கயிற்றால் கட்டச் சொல்லவில்லை. பிரசவமான பெண்ணுக்கு வயிற்றில் துணி கட்டும் பாட்டிமார், சில வாரங்கள் ஆதாரமாக இருக்கட்டும் என்றுதான் கட்டினார்கள். இப்போதோ புடவைக்கு அடியில், பாவாடைக்குப் பதிலாக, உடலைப் பிடித்து இறுக்கும் ஷேப்வேர் நம் ஊர்க் கடைகளிலும் விற்பனைக்கு வந்திருக்கிறது. புடவையைப் போல எந்த உடலுக்கும் இணங்கிப் போகும் உடை உலகத்தில் வேறு இல்லை. பருத்தவளுக்கும் மெலிந்தவளுக்கும், கர்ப்பிணிக்கும் கிழவிக்கும் அதே ஆறு கஜம். அந்தப் புடவைக்கும் ஓர் அச்சு வேண்டும் என்ற நிலைமை வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுப்பது நமது தொழில். ஆண்டு விழா நெருங்கும் நாட்களில், மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவைக்கும் பெண்களை வருஷந்தோறும் பார்க்கிறோம். காரணம் கேட்டால், "டிரஸ் பத்தாது, டீச்சர்" என்கிறார்கள். பதின்மூன்று வயது, வளர வேண்டிய வயது. யாரும் அவர்களைக் கயிற்றால் கட்டவில்லை. வீட்டில் யாரோ ஒருவர், "என்னடி, பூசினாற்போல் ஆகிவிட்டாய்!" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை திமிங்கிலத் தகட்டைவிடக் கெட்டியானது.

தாய்மார்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுதான்: பெண்ணின் உடலைப் பற்றி வீட்டில் பேசும்போது, அவள் எவ்வளவு இருக்கிறாள் என்பதை விட்டுவிட்டு, அவளால் என்ன செய்ய முடிகிறது என்பதைப் பேசுங்கள். ஓடுகிறாளா, மூச்சு வாங்காமல் படி ஏறுகிறாளா, பசித்துச் சாப்பிடுகிறாளா என்று கவனியுங்கள். உடை பொருந்தவில்லை என்றால் அதற்கு நம் ஊர்த் தையற்காரர் வெகு காலத்துக்கு முன்பே வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார். ரவிக்கை தைக்கும்போது உட்புறத்தில் துணியைச் சற்றுத் தாராளமாக விட்டு, இரண்டு மூன்று தையல் போட்டுத்தான் கொடுப்பார். அடுத்த வருஷம் பெண் வளர்ந்திருந்தால் ஒரு தையலைப் பிரித்துக்கொள்ளலாம்.